பொன்னாடையும் தூண்டிலும்

பங்குத் தளங்களில் குடியரசு நாள் கொண்டாடப்படும் முறையை நாம் அனைவரும் அறிவோம். காலைத் திருப்பலி, கொடியேற்றம், நாட்டுப்பண், சிறுவர்க்கு மிட்டாய், பெரியோர்க்கு ஓரிரு உரைகள். சில ஆண்டுகளுக்கு முன், புத்தூரில் எங்கள் பங்கில் அந்நாளை இன்னும் பொருளுள்ளதாக்க விரும்பிய பங்குப் பேரவையினர், நம் பங்கைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் ஒருவரை மேடையில் அமர்த்திச் சிறப்பிக்கலாம் என்றனர். நானும் மகிழ்ந்து இசைந்தேன். அவர் 1987-இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் சென்று, கண்ணிவெடியில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்து திரும்பியவர். புனே நகரில் 1944 முதல் இயங்கிவரும் படைத்துறைச் செயற்கை உறுப்பு மையத்தில் பொருத்தப்பெற்ற காலோடு, ஓசையின்றி வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து திருப்பலி கண்டு செல்பவர்.

மேடைக்கு ஐந்து படிகள். பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. இளைஞர் இருவர் அவரை இருபுறமும் தாங்கி, ஏறக்குறையத் தூக்கியே கொண்டுபோய் நாற்காலியில் அமர்த்தினர். நான் பொன்னாடை போர்த்தினேன். கைதட்டல் எழுந்தது. நிழற்படம் எடுத்தார்கள். அவர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சியைக் காணோம். கூச்சம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை, மடித்த பொன்னாடையைக் கையில் ஏந்தியபடி அவர் பங்கு இல்லத்திற்கு வந்தார்.

"சாமி, தப்பா நினைக்கக் கூடாது. சால்வை போட்டீங்க, சந்தோஷம். வருசத்துல ஒரு நாள் என்னைத் தூக்கிட்டுப் போய் உக்கார வைக்கிறீங்க. மத்த நாளெல்லாம் எனக்கு இந்தக் கோயில்ல என்ன வேலை சாமி?"

என்னிடம் விடையில்லை. மனித மாண்பு பற்றிக் குருமடத்தில் பாடம் கேட்டவன் நான்; மறையுரை பலவும் ஆற்றியவன். ஆயினும் என் பங்கிலுள்ள ஒரு மனிதரை நான் மதித்தேனா, மதிப்பதாக எண்ணிக்கொண்டேனா என்ற ஐயம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அந்த ஐயத்தையே இக்கட்டுரையில் வாசகர்முன் வைக்கிறேன். காயமுற்ற ஒருவரை மதிப்பது என்றால் என்ன?

எதை மதிக்கிறோம்?

பொதுவாக ஒருவர் செய்ததற்காகவே அவரை மதிக்கிறோம். புலவரைக் கவிதைக்காக, ஆசிரியரைக் கற்பித்தலுக்காக, வள்ளலை ஈகைக்காக. ஆனால் காயம் என்பது ஒருவர் செய்தது அன்று, அவருக்கு நேர்ந்தது. அப்படியாயின் ஊனமுற்ற படைவீரருக்கு நாம் பொன்னாடை போர்த்தும்போது எதை மதிக்கிறோம்? அவர் ஈடுபட்ட போரையா? இழந்த காலையா? அல்லது நம் நன்றியுணர்வை நாமே கண்டு மகிழ்கிறோமா?

நம் திருச்சி நகரையே சற்று நோக்குவோம். காந்தி மார்க்கெட்டின் அருகே, 1914 முதல் 1919 வரை நிகழ்ந்த பெரும்போருக்குச் சென்றோர் நினைவாக எழுப்பிய சின்னம் ஒன்று நிற்கிறது. கண்டோன்மெண்ட் பகுதியில், 1999 மே 29 அன்று கார்கில் போரில் பட்டாலிக் முனையில் வீழ்ந்த மேஜர் சரவணனின் நினைவுச் சின்னம் உள்ளது. இவை வேண்டியவை, நம் பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டியவை. ஆயினும் அந்த முதல் பெரும்போரின் நினைவாக நம் நாட்டு ஊர்கள் பலவற்றில் பதித்த கற்பலகைகளை வாசித்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். அவற்றில் பெரும்பாலும் இரண்டு எண்களே இருக்கும். இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், அவருள் உயிர் கொடுத்தவர் இத்தனை பேர். மூன்றாவது எண் ஒன்று இருந்திருக்க வேண்டும். கையையோ காலையோ கண்ணையோ இழந்து ஊர் திரும்பி, அந்தக் கல்லின் முன்னாலேயே நாற்பது ஐம்பது ஆண்டுகள் நடமாடியவரின் எண் அது. அதைச் செதுக்க எவருக்கும் தோன்றவில்லை. இறந்தவரை மதிப்பது எளிது, அவர் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. உயிரோடு திரும்பியவரோ நாளை காலையும் நம் முன் நிற்பார்.

எங்கள் பங்கின் அந்த மனிதருக்கு இன்னுமொரு சுமையும் இருந்தது. 1987 சூலைத் திங்களில் கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்படிக்கையின்படி அமைதிப்படை அங்கே சென்றது. சில மாதங்களில் அமைதிப்பணி போராக மாறிற்று. நம் படையினர் ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் காயமுற்றனர். ஈழத்தமிழ் மக்கள் பட்ட துன்பமோ சொல்லில் அடங்காது. 1990 மார்ச்சில் அப்படையின் கடைசிப் பிரிவினர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அன்றைய தமிழக முதல்வர் வரவேற்கச் செல்லவில்லை. அப்போது நான் குருமடத்தில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்தேன். அதுவே சரி என்று மாணவர்களாகிய எங்களுள் பலர் வாதிட்டோம். அந்தப் போரைப் பற்றிய என் கருத்து இன்றும் பெரிதும் மாறிவிடவில்லை. ஆனால் வந்திறங்கியவருள் கால் இழந்தவரும் இருப்பர், அவர் நாளை ஒரு தமிழ்ப் பங்கின் கடைசி வரிசையில் வந்து அமர்வார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பொன்னாடையை மேசைமேல் வைத்துவிட்டு அவரே சொன்னார்: "அங்க எதிர்ல இருந்தவனும் நம்ம பாசைதான் பேசுனான் சாமி. அதுக்குப் போய் எனக்கு எதுக்குச் சால்வை?"

ஆக, போருக்காக என்று அவரை மதிக்க இயலாது. அவரே அதை ஏற்க மாட்டார். காயத்திற்காக என்று மதித்தால், அவரை அந்தக் காயத்தோடு சேர்த்தே கட்டிப்போடுகிறோம். 'கால் இழந்தவர்' என்பதே அவருடைய பெயராகிவிடும். பின் எதற்காக?

மருத்துவமனையில் கண்டது

அவர் கேட்ட கேள்விக்கு விடை என்னிடமிருந்து வரவில்லை; அவரே தேடிக்கொண்டார். எங்கள் புத்தூரில் அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருப்பதை அறிவீர்கள். திருச்சி மட்டுமன்றி, சுற்றியுள்ள மாவட்டங்களின் ஏழை எளியோரும் அங்கு வருகின்றனர். சர்க்கரை நோய் முற்றி, கால் விரலில் தொடங்கிய புண் மேலேறி, உயிரைக் காக்கக் காலை எடுக்க நேர்ந்தவர் அவருள் உண்டு. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்ற ஒரு நாள், அப்படிக் காலிழந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஒரு விவசாயியின் கட்டிலருகே நம் படைவீரர் அமர்ந்திருக்கக் கண்டேன். வேட்டியைச் சற்று உயர்த்தித் தம் செயற்கைக் காலைக் கழற்றி அவர் கையில் கொடுத்திருந்தார். அந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டப்பட்ட காலின் இல்லாத பாதம் அரிக்கும், இல்லாத விரல் வலிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நரம்புகள் பழக்கம் மறவாமையால் வருவது அது. அந்த வலி பொய்யன்று, பைத்தியமும் அன்று. ஆனால் நள்ளிரவில் இல்லாத பாதத்தைச் சொறியக் கை நீட்டியவரே அதைச் சொல்லக் கேட்கும்போது ஏற்படும் ஆறுதல் வேறு. மீந்த காலை எப்படிக் கழுவ வேண்டும், உறை எப்படி அணிய வேண்டும், முதல் நாள் எழுந்து நிற்கையில் எந்தப் பக்கம் சாயத் தோன்றும், பேருந்தில் ஏறுகையில் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என அவர் சொல்லிக்கொண்டே போனார். நானும் நோயாளிகளைச் சந்திக்கிறேன், செபிக்கிறேன். அது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கட்டிலருகே அவரால் கொடுக்க முடிந்ததை, இரண்டு கால்களோடு நிற்கும் என்னால் கொடுக்க இயலாது.

அங்கேயும் நில்லாமல், காயம் ஆறியவரைத் தம்மோடு அழைத்துக்கொண்டு காவிரிக்குப் போகலானார். தண்ணீர் வரும் மாதங்களில் அய்யாளம்மன் படித்துறைப் பக்கம் சென்றால், மூவர் நால்வர் படியில் அமர்ந்து தூண்டில் போட்டிருப்பதைக் காணலாம். மூங்கில் கழி, நரம்பு, தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. அகப்படுவது பெரும்பாலும் சிறு கெண்டையோ கெளுத்தியோதான். ஒருநாள் நானும் போய் அமர்ந்தேன். யாரும் அதிகம் பேசவில்லை. தக்கை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கையில், வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லாத ஒரு சொல் யாராவது ஒருவர் வாயிலிருந்து மெல்ல வரும். மற்றவர் தலையசைப்பர். மீண்டும் அமைதி. கொட்டப்பட்டு முகாமிலிருந்து வரும் ஓர் ஈழத்தமிழரும் அவருள் இருந்தார். அவரும் கண்ணிவெடியில் காலை இழந்தவர். யார் புதைத்த வெடி என்று இருவருமே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை என்று பின்னர் அறிந்தேன். இருவருக்கும் ஒரே கொட்டாங்குச்சியில் புழு இருந்தது.

இது போன்ற முயற்சி ஒன்று அமெரிக்காவிலும் நடப்பதைப் பின்னாளில் படித்து வியந்தேன். 2005-இல், வாஷிங்டன் நகரின் வால்ட்டர் ரீட் படைத்துறை மருத்துவமனையில் தாமே சிகிச்சை பெற்ற எட் நிக்கல்சன் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் இழந்து அங்கே கிடந்த இளைஞரைக் கண்டு, அவர்களுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 'புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்', அதாவது நலமளிக்கும் நீர்நிலைகள் என்பது அத்திட்டத்தின் பெயர். அங்கே அவர்கள் கற்பது புழு கோத்துப் பிடிக்கும் முறையன்று. இறகையும் நூலையும் சிறு முள்ளில் சுற்றிப் பூச்சிபோல் ஒரு போலி இரையைத் தாமே கட்டி, அதை நீர்மேல் மெல்ல வீசிப் பிடிப்பது. நூல் சுற்றுவதில் நடுங்கும் விரல்கள் பழகுகின்றன. வீசுவதில் தோள் பழகுகிறது. ஓடும் நீரருகே நிற்பதில் மனம் அடங்குகிறது. இன்று அந்நாடெங்கும் கிளைகள் கொண்ட அத்திட்டத்தில் என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று. கற்றுக்கொள்ள வந்த ஊனமுற்ற வீரருள் பலர், தேறியபின், புதிதாக வருவோர்க்குக் கற்றுக்கொடுக்கும் தொண்டராகின்றனர். நேற்று வரை யாரோ நூல் கோத்துக் கொடுத்த கை, இன்று இன்னொருவருக்குக் கோத்துக் கொடுக்கிறது. நலம் பெறுதல் அங்கேதான் நிறைவுறுகிறது என்று எனக்குத் தோன்றியது. இதை நம் படைவீரரிடம் சொன்னேன். "அதுக்குப் பேர் வெச்சுட்டாங்களா சாமி?" என்று சிரித்தார்.

கரையில் எரிந்த நெருப்பு

ஏரிக்கரையில் காயமுற்ற ஒருவர் குணமான நிகழ்ச்சியை நற்செய்தியிலும் காண்கிறோம். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை நினைவுகூருங்கள். பேதுரு அப்போது உடலால் காயமுற்றவர் அல்லர். ஆனால் தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்தவாறு தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்த நினைவு அவருள் ஆறாப் புண்ணாய் இருந்தது. உயிர்த்த ஆண்டவரைக் கண்ட பின்னும் அவர் மீன்பிடிக்கவே போகிறார். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் ஆண்டவர் நிற்கிறார். அங்கேயும் கரிநெருப்பு எரிந்துகொண்டிருப்பதாக நற்செய்தியாளர் குறிக்கிறார். அதன்மேல் மீனும் அருகே அப்பமும் இருந்தன.

இங்கே ஒரு சிறு செய்தியை நாம் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். நெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே இருக்கிறது. உணவு ஆயத்தமாகிவிட்டது. அப்படியிருந்தும், அவர்கள் பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவருமாறு ஆண்டவர் கேட்கிறார். ஏன் கேட்க வேண்டும்? அவருக்குத் தேவையில்லையே! இரவெல்லாம் தோற்றுப்போனவர்களை அமர்த்தி உணவு படைத்திருந்தாலே அது பேரிரக்கமாய் இருந்திருக்கும். ஆனால் அவர் இரக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவர்களுடைய மீனும் அந்த விருந்தில் இருக்க வேண்டும் என விரும்பினார். கேட்டவுடன் படகில் ஏறி வலையை இழுத்துவந்தவர் பேதுருவே என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

உணவுக்குப் பின் நடந்ததும் அப்படியே. மும்முறை மறுதலித்தவரிடம் ஆண்டவர் மும்முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் மன்னிப்பு மொழியன்று, ஒரு பணியே தரப்படுகிறது. தம் ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார். பேதுருவின் புண் ஆறியது அவரை யாரும் தேற்றியதால் அன்று; நம்பி ஒரு வேலையைக் கொடுத்ததால். இதை எத்தனையோ பாஸ்கா காலங்களில் வாசித்திருக்கிறேன். என் பங்கிலிருந்து ஒருவர் மடித்த பொன்னாடையோடு வந்து வேலை கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். காயமுற்றவருக்கு நாம் கொடுப்பது இரக்கமாகவோ நன்றியாகவோ இருக்கலாம்; இரண்டும் நல்லவையே. ஆனால் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளும்போதுதான் அது மதிப்பாகிறது. உம்மிடம் எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்வதைவிடப் பெரிய மரியாதை மனிதரிடையே இல்லை.

திருச்சபை வரலாறு இதற்குச் சான்று பகரும். 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிய போர்வீரர் புனித இஞ்ஞாசியாரை, இயேசு சபையாரின் கல்விப்பணியால் பயனடைந்த திருச்சி மக்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் சற்றுச் சாய்ந்தே நடந்தார். ஆனால் நம்முள் பலர் அறியாத இன்னொருவர் உண்டு. 1550-இல் இத்தாலியில் பிறந்த புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் படைவீரராய்ப் பணியாற்றியவர், சூதாடி, காலில் ஆறாத புண்ணைச் சுமந்தவர். 1575-இல் மனம் திரும்பிக் கப்புச்சின் சபையில் சேர முயன்றார். அந்தப் புண்ணின் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டார். எந்தப் புண் அவரைத் துறவு மடத்திலிருந்து விலக்கியதோ, அதே புண்ணோடு உரோமை மருத்துவமனையில் நோயாளருக்குத் தொண்டு செய்யலானார். நோயாளருக்குப் பணிபுரியவே ஒரு சபையை நிறுவினார். அச்சபையினர் நெஞ்சில் அணிந்த செஞ்சிலுவை, செஞ்சிலுவைச் சங்கம் தோன்றுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முற்பட்டது. நடக்க இயலாத நாளில் ஊர்ந்து ஊர்ந்து கட்டிலுக்குக் கட்டில் போனார் என்பர். 1614-இல் இறக்கும் வரை அந்தப் புண் ஆறவில்லை. நோயாளர்க்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக இன்று அவரைப் போற்றுகிறோம்.

நம் தமிழ்நாட்டிலும், நம் சமயத்தவரல்லாத ஒருவர் வாழ்வில் இதே உண்மை ஒளிர்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் பொறியியல் மாணவராய் இருக்கையில், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் முறிந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவருக்குச் சிகிச்சையும் ஊக்கமும் அளித்தவர் படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல், ஒரு சில குழந்தைகளோடு ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அந்த மருத்துவரின் பெயரால் அமர் சேவா சங்கம் எனப் பெயரிட்டார். அது ஊனமுற்றோர்க்கான கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி அனைத்தும் தரும் பெருநிலையமாய் வளர்ந்தது. 1992-இல், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கிய கணக்காய்வாளர் எஸ். சங்கரராமன் அவரோடு இணைந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்த விருது விபத்துக்காக வழங்கப்பட்டது அன்று. சீருடை அணியும் முன்பே முறிந்துபோன ஓர் இளைஞர், தம்மைப்போன்ற ஆயிரமாயிரம் பேருக்குக் கொடுப்பவராய் ஆனதற்காக.

மூன்று எச்சரிக்கைகள்

இந்தக் கருத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. ஆகவே மூன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஊனமுற்றோர் தொண்டு செய்கிறார்களே என்று சமுதாயம் தன் கடனை மறந்துவிடலாகாது. தொண்டு அவர்கள் கொடுப்பது. நீதி நாம் கொடுக்க வேண்டியது. பணியில் ஊனமுற்ற வீரர் தமக்குரிய ஓய்வூதியத்திற்காக நீதிமன்றப் படியேறிய வழக்குகள் பல. பணியில் சேரும்போது நல்லுடலோடு இருந்தவருக்குப் பின்னர் ஏற்பட்ட ஊனம் பணியால் வந்ததென்றே கொள்ளப்பட வேண்டும். அன்று என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசையே சாரும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுவிடங்களில் தடையற்ற வழியைக் கோருகிறது. நம் ஆலயங்களுக்கு எத்தனை படிகள், எத்தனை சாய்தளங்கள் என்று ஒவ்வொரு பங்குத்தந்தையும் எண்ணிப் பார்க்கட்டும். ஐந்து படிகளின் மேல் மேடை கட்டிவிட்டு, அதன்மேல் ஒருவரைத் தூக்கிச் சென்று மதிப்பளித்தவன் நான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை குறைவு, கடமை மிகுதி.

இரண்டாவது, அவர்களுடைய வாழ்வை நமக்கொரு பாடமாக மட்டும் ஆக்கிவிடலாகாது. 'இவரே இவ்வளவு செய்கையில் நாம் ஏன் செய்யக் கூடாது' என்று மறையுரையில் சொல்வது எளிது. நானும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் அவர் அமர்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். நம் சோம்பலைக் கடிந்துகொள்ள அவருடைய கால் ஒரு கருவியன்று.

மூன்றாவது மிகக் கடினமானது. எதையுமே செய்ய இயலாதவர் உண்டே, அவர் நிலை என்ன? தண்டுவடம் முறிந்து, கை அசைக்கவும் இயலாமல், நினைவும் மங்கிப் படுக்கையில் கிடக்கும் வீரரிடமிருந்து எதைப் பெற்றுக்கொள்வது? தொண்டு செய்பவரே மதிப்புக்குரியர் என்றால், அவரை மதிப்பற்றவர் என்று சொன்னதாகாதா? ஆகாது, ஆக விடக் கூடாது. மனித மாண்பு பயன்பாட்டால் வருவது அன்று. படைத்தவரின் சாயலால் வருவது. அதைக் கூட்டவோ குறைக்கவோ எந்தக் காயத்தாலும் இயலாது. அதே ஏரிக்கரையில், ஆடுகளை ஒப்படைத்த அதே உரையாடலில், ஆண்டவர் பேதுருவிடம் இன்னொன்றையும் சொன்னார். முதிர்ந்த வயதில் அவர் கைகளை நீட்டுவார் என்றும், வேறொருவர் அவருக்கு இடையைக் கட்டி, அவர் விரும்பாத இடத்திற்குக் கூட்டிச் செல்வார் என்றும் சொன்னார். அந்த நிலையிலும் பேதுரு கடவுளை மாட்சிப்படுத்துவார் என நற்செய்தியாளர் விளக்குகிறார். வலையை இழுத்துவந்த கைகளும் மாட்சிப்படுத்தும். பிறர் கட்டிச் செல்லும் கைகளும் மாட்சிப்படுத்தும். இன்று புனிதராக நாம் வணங்கும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், துன்பத்தின் பொருளைப் பற்றி 1984 பிப்ரவரி 11 அன்று எழுதிய திருத்தூது மடலில், துன்புறுவோர்க்கு நன்மை செய்யவும், தம் துன்பத்தாலேயே நன்மை செய்யவும் கிறிஸ்து கற்பித்தார் என்று சுட்டினார். தம் இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில், நடுங்கும் கையோடும் தடுமாறும் நாவோடும் உலகின் முன் தோன்றி, அதைத் தாமே வாழ்ந்து காட்டினார். ஆகவே நாம் கேட்க வேண்டியது, அவரால் என்ன பயன் என்பது அன்று. அவர் கொடுக்கக்கூடியது எதுவாயினும், ஒரு சொல்லோ ஒரு பார்வையோ அருகிருக்க நமக்குத் தரும் இடமோ எதுவாயினும், அதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு அவரருகே அமர்கிறோமா என்பதே.

உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறையாமல் இருந்ததன் பொருளும் இதுவே என எண்ணுகிறேன். சாவை வென்றவருக்குத் தழும்புகளை அழிப்பது அரிதன்று. அவற்றை அவர் வைத்துக்கொண்டார். தோமாவுக்கு அவை தேவைப்பட்டன. ஐயத்தில் தவித்த ஒருவர் விரல் வைத்துத் தேறுவதற்காக அந்தக் காயங்கள் திறந்தே இருந்தன. புத்தூர் மருத்துவமனையில் ஒரு விவசாயியின் கையில் கழற்றி வைக்கப்பட்ட அந்தச் செயற்கைக் காலைக் கண்டபோது எனக்கு அந்த மேலறைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பங்கில் இப்போது மேடைக்குச் சாய்தளமும் கைப்பிடியும் உண்டு. அவற்றின் சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கொத்தனாருக்குச் சொன்னவர் அவர்தான். முதலில் கட்டியது செங்குத்தாய் இருக்கிறதென்று இடிக்கவும் வைத்தார். மருத்துவமனைச் சந்திப்புக் குழு ஒன்று அவர் பொறுப்பில் இயங்குகிறது. குழுவினர் ஐவர், அவருள் மூவர் முன்பு அவரால் சந்திக்கப்பட்டவர். குடியரசு நாளில் அவர் மேடையில் அமர்வதில்லை. கொடிக்கயிற்றைச் சரிபார்ப்பது அவர் வேலை. அதை வேறெவரும் சரியாகச் செய்வதில்லை என்பது அவர் துணிபு. பொன்னாடை பங்கு அலுவலக அலமாரியில் இன்னும் இருக்கிறது.

வாசகர்களே, உங்கள் பங்கிலும் தெருவிலும், ஏன் உங்கள் வீட்டிலும்கூட, காயமுற்றுத் திரும்பிய ஒருவர் இருப்பார். போரில் இல்லாவிடினும் தொழிற்சாலையில், சாலையில், நோயில். அவரைச் சிறப்பிக்க விரும்புகிறீர்கள் எனில் சிறப்பியுங்கள், பொன்னாடை தவறன்று. ஆனால் அதைப் போர்த்துமுன் ஒரு நாள் அவரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்டபின், உங்களுக்கு அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.